ஸ்வெட்டருக்குள் ஒரு கல்

குன்னூரில் பஸ் ஏறும்போதே வேலாமணி ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தாள். உள்ளே, கணவர் மருதாசலம் செய்த கல் பதக்கம். கைப்பையில் தங்க அட்டிகை. கோயமுத்தூரில் அக்கா உமாமகேஸ்வரியின் மகளுக்குக் கல்யாணம். அங்கே எதைப் போட்டுக்கொண்டு நிற்பது? இரண்டு நாளாக இதே யோசனைதான்.

அருவங்காட்டு ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன கையோடு மருதாசலம் கல்லைப் பிடித்துக்கொண்டார். இத்தலார் பக்கம் ஓடையில் பொறுக்கிய சாம்பல் கல், நடுவே பால் நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளிக் கம்பி சுற்றி முடிக்க இரண்டு மாதம். "கல்லுல நார் உரிக்கறதக் கேட்டிருக்கறனுங்க. கல்லையே உரிக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்று அவள் கேலி பேசாத நாளில்லை. மனுஷன் சிரிப்பாரே தவிர நிறுத்தவில்லை. முந்தாநாள் அதைக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, போட்டுக்கொள் என்றுகூடச் சொல்லாமல் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அவளுக்கு மனசு உருகித்தான் போனது. உருகி என்ன செய்ய? அக்கா வாய் லேசுப்பட்ட வாயா! போன விசேஷத்துக்கு ஒற்றைச் சங்கிலியோடு போனதற்கே, "மலையேறினதும் தங்கத்த மறந்துட்டியாடி?" என்று சபை நடுவே கேட்டவள்.

பஸ் மலை இறங்கிப் பர்லியார் தாண்டியதும் புழுக்கம் ஏறியது. பஸ்ஸில் ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றினார்கள்.

"கழட்டிரு அம்மிணி, வேர்த்துக் கொட்டுது" என்றார் மருதாசலம்.

"இருக்கட்டுங்க."

அவர் அவள் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போடவில்லை என்று நினைத்துவிட்டார், பாவம். கழற்றிக் காட்டிவிட்டால் பிறகு அட்டிகைக்கு மாற்ற மனசு வராதே.

மண்டப வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, இந்த வேக்காட்டுல ஸ்வெட்டரா? காச்சலா?"

வேலாமணியின் கை பைக்குள் போனது. அட்டிகைப் பெட்டி விரலில் தட்டுப்பட்டது. மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். திரும்பிப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கையை வெளியே எடுத்து, பொத்தான்களை மளமளவென்று அவிழ்த்தாள்.

"ஏனுங்க, இதைச் சித்தெ புடிங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். "இதென்னடி?"

"இவுங்க செஞ்சது, அக்கா. எந்தக் கடையிலயும் கெடைக்காது."

அக்கா கல்லை உள்ளங்கையில் ஏந்தினாள். "சூடா இருக்குது."

"காத்தாலருந்து நெஞ்சுலயேதான் கெடக்குது."

அக்கா கல்லை விடவே இல்லை. பின்னால் மருதாசலம் என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த ஸ்வெட்டருக்கு ஒவ்வொரு பொத்தானாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.