வேலியோரத்து ஜூனிப்பர்

புது மெஷின் வாங்கிய கையோடு ஓரின் செய்த முதல் காரியம், கொல்லைப்புற வேலியோரம் அடர்ந்து நின்ற ஜூனிப்பர் புதரை வெட்டிச் சாய்த்ததுதான். பனி அள்ளும் மெஷின் திரும்ப இடம் வேண்டுமாம். அமெரிக்காவின் வடகோடியில் பனி கொட்டும் துலூத் ஊர் ஆண்களுக்கு அந்த மெஷின் மேல் இருக்கும் பாசத்தில் கால்வாசி பெண்டாட்டி மேல் இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

புதர் போனதும் குருவிகளும் போய்விட்டன. ஓரினின் மனைவி மார்லிஸ் தொங்கவிட்ட தீனிக்கூண்டில் சூரியகாந்தி விதை அப்படியே கிடந்தது. ஒளிய ஒரு கிளைகூட இல்லாத வெட்டவெளிக்கு, வல்லூறு சுற்றும்போது, எந்தக் கறுப்புத்தலைச் சிக்கடிக் குருவி வரும்? மார்லிஸ் புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், காபி வரும், பேச்சு வராது. ஓரினுக்கு அது தாங்கவில்லை.

ஜனவரி பிறந்தது. பெரிய பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. பண்டிகை முடிந்து வீசிய, இன்னும் பச்சை மாறாத கிறிஸ்துமஸ் மரங்கள் வீட்டுக்கு வீடு தெருவோரம் குப்பை வண்டிக்காகக் கிடந்தன. ஓரின் ஒவ்வொன்றாய் இழுத்துவர ஆரம்பித்தான்.

"என்ன ஓரின், கிறிஸ்துமஸ் முடிஞ்சிருச்சுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?" என்றான் எதிர்வீட்டு டுவேன்.

"சொல்ல வேண்டியவ பேசுறதில்லையேப்பா. உன் மரத்தையும் குடு."

டுவேன் சிரித்துக்கொண்டே மரத்தின் மறுமுனையைப் பிடித்தான்.

கொல்லைப்புறப் பனிமேட்டில் குழி பறித்து, மரங்களை நட்டு, அடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அது உறைந்து சிமெண்டாய்ப் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் நின்று பார்த்த மார்லிஸ் திரையை இழுத்துவிட்டாள்.

அன்று இரவு புயல் ஊளையிட்டது. இதிலும் குருவி வராவிட்டால் குளிர்காலம் முழுக்க ஊமை வீடுதான் என்று ஓரின் புரண்டு புரண்டு படுத்தான்.

விடிந்தபோது மரங்கள் பாதி புதைந்து, ஆனால் சாயாமல் நின்றன. ஓரின் காபியைத் தொடவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிளை ஆடிப் பனியைக் கொட்டியது. உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. கூண்டுக்குப் பறந்து ஒரு விதையைக் கொத்திக்கொண்டு மரத்துக்கே திரும்பியது. அதன் பின்னே இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டமே.

மார்லிஸ் பின்னால் வந்து நின்றாள்.

"அந்த நடு மரத்துல ஜிகினா தொங்குது பாரு. அத முழுங்குனா குருவி செத்துரும். நடும்போது கண்ண எங்க வச்சிருந்த? போய் எடு."

ஓரின் அவசரமாகப் பூட்ஸை மாட்டினான்.

"இன்னும் ஏதாச்சும் திட்டணும்னா இப்பவே திட்டிரு."

"குல்லாவப் போட்டுட்டுப் போ" என்றாள் மார்லிஸ்.