சாரி-பெல்லின் சுத்தமான காற்று

எண்களைப் பார்த்ததுமே பெகாயிமுக்குச் சுருக்கென்றது. ஜனவரி மாதம், நாரின் மலைப்பக்கத்தில், வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு எரிகிற ஊரில், வீட்டுக்குள் காற்று அவ்வளவு சுத்தமாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

புகையை அளக்கும் வெள்ளைப் பெட்டிகளை நவம்பரில் அவளேதான் சாரி-பெல் வீடுகளில் வைத்துவிட்டு வந்தாள், எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில். அவை அனுப்பும் எண்கள் தலைநகர் பிஷ்கெக்கில், அவள் உதவியாளராக இருக்கும் பேராசிரியர் தாலாந்தின் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் அவளிடம் வரும். நிலக்கரியை விட்டு மின்சாரத்தில் சூடாக்கும் வசதியை எந்த ஊருக்கு முதலில் கொடுப்பது என்று அமைச்சகம் பல்கலைக்கழகத்திடம் யோசனை கேட்டிருந்தது. காற்று சுத்தம் என்று அறிக்கை போனால் சாரி-பெல்லுக்கு ஒன்றும் வராது. ஊர் இன்னும் எத்தனையோ குளிர்காலம் இருமிக்கொண்டே கிடக்கும்.

தாலாந்தின் மைத்துனன் நாரினில் நிலக்கரிக் கிடங்கு வைத்திருக்கிறான். ஊரறிந்த விஷயம்தான். அதுவரை பெகாயிம் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. இப்போது வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

"அகாய், இந்த நம்பரெல்லாம் சரிதானா?" என்று பேராசிரியரிடமே போய்க் கேட்டாள். அகாய் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அவர் கணினியை மூடினார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவசரப்படாதேம்மா. அமைச்சகத்துல இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன்."

"எதுக்கு அகாய்?"

"அப்புறம் சொல்றேன்."

ஒரு மாதமா? அதற்குள் மைத்துனன் கிடங்கிலிருக்கும் நிலக்கரியை விற்றுத் தீர்த்துவிடுவான். பெகாயிமுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அமைச்சகத்தில் துணை இயக்குநராக இருக்கும் எர்மெக் அவளோடு கல்லூரியில் படித்தவன். அவனுக்குப் போன் போட்டாள்.

"எண்களை மாத்திட்டாரு எர்மெக்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"அவரு மச்சான் என்ன யாவாரம் பண்றான்னு உனக்கே தெரியுமில்ல?"

"அட, இது எங்களுக்குப் பெரிய தலைவலியாச்சே," என்றான் எர்மெக். குரலில் தலைவலி தெரியவில்லை. அது அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அவள் சந்தேகமெல்லாம் ஒரே ஆள்மேல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு வாடகைக் காரில் இடம் பிடித்து சாரி-பெல்லுக்குக் கிளம்பினாள். கையோடு இன்னொரு பெட்டி கொண்டுபோய் அளந்தால் பேராசிரியரின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணக்கு.

அவள் பெட்டி வைத்திருந்த சல்கினக்கா வீட்டுக் கதவு திறந்ததுமே புகை கண்ணைக் கரித்தது. குளிர்காலம் முழுக்க அந்தக் குடும்பத்துக்குச் சமையலும் தூக்கமும் அடுப்பு இருக்கும் அந்த ஒரே அறையில்தான். மூலையில் கடைக்குட்டிப் பெண் இருமிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியைக் காணோம்.

"பெட்டி எங்கக்கா? பேராசிரியர் ஆளுங்க யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போனாங்களா?"

"யாரு எடுப்பா? கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன். வா, வந்து பாரு." சல்கினுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்து அறையைத் திறந்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறை. கம்பளம் விரித்து, ரஜாய்ப் போர்வைகளை உத்தரம்வரை அடுக்கி, அடுப்பே மூட்டாமல் சில்லென்று கிடந்தது. பெரியவர்களை உட்கார வைக்கும் இடத்தில், பூவேலை செய்த துணிமேல், பெட்டி பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

"அரசாங்கத்துச் சாமான். நீ அந்தண்ட போனதுமே தூக்கியாந்துட்டேன். அடுப்போரம் கரியில கெடந்தா நாளைக்கு எங்களப் பத்தி என்ன பேசுவாங்க? நீ சின்னப் பொண்ணு, தெரியாம அங்க வெச்சுட்டே."

"மத்த வீட்டுலயும் இப்படித்தானா?"

"நான் வெச்சதப் பாத்துட்டு குல்ஜான் சும்மா இருப்பாளா? அவ வெல்வெட்டு விரிச்சிருக்கா. தெருவே அப்படித்தான். உக்காரு தங்கச்சி, டீ போடறேன்."

பெகாயிம் உட்காரவில்லை. அவளும் இப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான். அவள் அம்மாவும் இதையேதான் செய்திருப்பாள். ஒரு மனிதரைத் திருடன் என்று நினைக்கத் தோன்றியது, இது தோன்றவில்லை. முற்றத்துக்கு ஓடி எர்மெக்கைக் கூப்பிட்டாள்.

"எர்மெக், நான் சொன்னது தப்பு. அகாய் ஒண்ணும் பண்ணல. பெட்டிங்க இருந்த இடந்தான் தப்பு. இங்க புகை கொல்லுது."

"காலையில அமைச்சகக் குழுவுல சொல்லியாச்சு பெகாயிம். அகாயைக் கேட்டாங்க, அவரு வாயே தெறக்கல. பல்கலைக்கழகத்து ஆய்வே வேணாம்னு முடிவாயிடுச்சு. பணம் தலைநகரத்துக்கே போகுது. எங்க பிரிவும் மொதல்லேந்தே அதத்தான் கேட்டுட்டு இருந்துச்சு."

"இங்க கொழந்தை இருமுதுடா."

"நேத்து அகாய் பொய்ன்னே. இன்னிக்குப் பெட்டி பொய்ங்கறே. நாளைக்கு நீ எதச் சொன்னா நான் நம்பறது?"

பிஷ்கெக் திரும்பியதும் நேரே தாலாந்தின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எர்மெக்கிடம் பேசியதையும் மறைக்காமல்.

"விருந்தாளி அறையா," என்றார் அவர். "எனக்கும் அந்த நம்பரப் பாத்து தூக்கம் போச்சும்மா. பெட்டிய வெச்சவ நீ. நீதான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே அகாய்."

"கேட்டு, என் சந்தேகம் தப்பா இருந்துட்டா? வெளிய தெரிஞ்சா உன் பேரு கெட்டுரும். அதான் குழுவுலயும் பேசல. யார்கிட்டயும் சொல்லாம நானே ஒரு தடவ ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம்னுதான் அந்த ஒரு மாசம் கேட்டேன்."