அத்தை வைத்த அண்டா

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு முன்னால் விரித்த தார்ப்பாயில், பழைய மிக்சிக்கும் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்கும் நடுவே அந்தப் பெரிய எவர்சில்வர் அண்டா இருப்பதைப் பாண்டிச்செல்வி பார்த்தாள். மகள் அஞ்சனாதான் பரணிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். அண்டாவின் கழுத்தில் புள்ளிபுள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தது: ‘அஞ்சனாவுக்கு அத்தை பாக்கியலக்ஷ்மி’. அஞ்சனா மட்டாஞ்சேரியில் மலையாளம் படித்து வளர்ந்தவள். தன் பெயரைக்கூடத் தமிழில் வாசிக்கத் தெரியாது.

தூக்கி உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சாயா போடப் போய்விட்டாள்.

விற்பனை அஞ்சனாவின் யோசனை. மாமனார் தங்கையா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பாலியேட்டிவ் நர்சுகள் வாராவாரம் வந்து, காசு வாங்காமல் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுப் போனார்கள். அவர் போனபின், வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்று அவர்களுடைய நன்கொடைப் பெட்டியில் போடலாம் என்றாள். அந்த நர்சுகளைப் பார்த்துத்தான் தானும் நர்சிங் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாக்கியலக்ஷ்மி தங்கையாவின் மகள், பாண்டிச்செல்வியின் கணவனுக்கு அக்காள். அஞ்சனா பெரியவளான சடங்கில் அண்டாவைச் சபை நடுவே வைத்து, “என் மருமவளுக்கு” என்றாள். அவள் மகன் கிருஷ்ணபிரசாத் ஏலூரில் லாரி ஓட்டுகிறான். குடியில்லை, அதிர்ந்து பேசமாட்டான். அவனிடம் ஒரு குறை இருந்திருந்தால் பாண்டிச்செல்விக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு முறை கல்யாணப் பேச்சு வரும்போதும் சொல்ல நினைத்தது தொண்டைவரை வந்து சிரிப்பாக மாறிவிடும். வாயால் சொல்லாததை இந்தப் பாத்திரம் சொல்லட்டும் என்று நினைத்தோமா? சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. மயினி பாக்கியலக்ஷ்மி வருவதற்குள் யாராவது வாங்கிப் போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது.

சாயாவோடு அவள் வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு மஞ்சுஷா அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது கொள்ளாம் சேச்சீ. பட்சே இதை வீட்டில் வச்சால் என்றெ கெட்டியோன் ரோட்டில் கிடக்கணும்.”

“புருஷன ரோட்டுல போடவே வாங்குங்க சேச்சி!” என்றாள் அஞ்சனா. மஞ்சுஷா சிரித்துக்கொண்டே மிக்சியை எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளுருத்தியிலிருந்து பாக்கியலக்ஷ்மி ஆட்டோவில் வந்தாள். கையில் ஒரு பை நிறையச் சேலை.

“இந்தா, என் பங்கு. எல்லாம் ஒருக்கா கட்டுனதுதான்” என்றவள் தார்ப்பாயைப் பார்த்து நின்றாள். “ஏட்டி, இதையுமா விக்கிய?”

“பரண்ல வெறுதே கெடந்துச்சு அத்தை. நமக்கு எதுக்கு இத்தற வலிய பாத்திரம்? என்னமோ எழுதிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க.”

பாக்கியலக்ஷ்மி குனிந்து புள்ளிகளின்மேல் விரலை ஓட்டினாள்.

“செஞ்ச கடைக்காரன் பேரு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பார்த்தது பாண்டிச்செல்வியை.

பிறகு மடியிலிருந்த ரூபாயை எடுத்து அப்படியே பெட்டியில் திணித்தாள்.

“அத்தை, இது கூடுதலா!”

“எங்கப்பன் புண்ணக் கழுவுனவங்களுக்குத்தானட்டி.” அண்டாவின் வளையம் ஒன்றைப் பிடித்தாள். “பாண்டி, அந்தப் பக்கம் பிடி.”

இருவருமாகத் தூக்கிக்கொண்டு சந்துமுனையில் நின்ற ஆட்டோவுக்கு நடந்தார்கள். சந்து குறுகல். அண்டா சுவரில் உரசாமலிருக்க ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் போக வேண்டியிருந்தது.

“அவளுக்கு வாசிக்கத் தெரியாது” என்றாள் பாக்கியலக்ஷ்மி, திரும்பாமலே. “ஒனக்குத் தெரியுமில்லா?”

“தெரியும் மயினி. காலையிலேயே பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“விட்டுட்டேன்.” பாண்டிச்செல்விக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை. “அவ படிக்கட்டும் மயினி. கல்யாணம் பின்னால அவ இஷ்டம்.”

பாக்கியலக்ஷ்மி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து வளையத்தை இழுத்தாள். அண்டா நேராக நுழையவில்லை. பாண்டிச்செல்வி வெளியிலிருந்து சாய்த்துத் தள்ளினாள். ஒருவழியாக மயினியின் மடியில் போய் உட்கார்ந்தது. அவள் முகத்தில் பாதியை அது மறைத்தது.

“கை விடு சேச்சீ, வண்டி எடுக்கட்டே” என்றான் ஆட்டோக்காரன்.

என்ஜின் அதிர்வில் வெறும் அண்டா மெல்ல முனகியது. பாண்டிச்செல்வியின் விரல்கள் இந்தப் பக்கத்து வளையத்தில் இருந்தன. அந்தப் பக்கத்து வளையத்தை மயினி இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.