மாதுளைத் தோலின் மஞ்சள்

1

இந்தக் கதை ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. இட்லி மாவுக்குப் பின்னால் ஒரு டப்பா. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று என் மனைவி பூர்ணிமா அங்கே வைத்த மஞ்சள் வண்ணத் தூள். தூள் இருந்தது. பூர்ணிமா இல்லை. (இங்கே நீங்கள் கண்கலங்கலாம். நான் அடுத்த பத்திக்குப் போகிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'பாலக்கரையில் மழை பெய்துகொண்டிருந்த அந்த...' பெய்யவில்லை. விருத்தாசலத்தில் மழை கதைகளில்தான் பெய்யும்.

இரண்டாவது: 'கழிவில் வண்ணம் கண்டவள் அவள்...' விருதுக்கு அனுப்புகிற வாக்கியம். அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஜூஸ் கடையில் மாதுளைத் தோலைக் கேட்டு வாங்குவாள். கடைக்காரர் அப்துல்லா, "வூட்ல எத்தினி மாடும்மா?" என்பார்.

"ஒண்ணுதாங்க. எம்எஸ்சி படிச்சிருக்குது" என்று என்னைக் காட்டுவாள்.

தோலை வேகவைத்து வடிகட்டி, படிகாரமும் சலவைச் சோடாவும் சேர்த்தால் அடியில் மஞ்சள் தங்கும். காயவைத்துப் பொடித்தால் வண்ணம்.

3

மாமனார் ராஜமாணிக்கம் பீங்கான் சூளை வைத்திருப்பவர். (இவரைப் பாத்திரமாக நம்பவைப்பது கடினம். மகள் இறந்தும் அழவில்லை. என்னையும் சேர்த்து நம்பாதீர்கள்.) டப்பாவிலிருந்த மொத்தத்தையும் கரைத்து ஒரு கோப்பையில் பூசிவிட்டார்.

"வெளுத்துப்புடும், வெளுத்துப்புடும்னு பயந்துகினே இருந்தா. சூளையில போட்டா நிக்கும் மாப்ள. வேவாத கலரு ஒரு கலரா?"

இந்த ஊரில் வெந்ததெல்லாம் நிற்கும். மண்ணும் உலோக வண்ணமும்தான். மாதுளைத் தோல் எரிந்துபோகும். கோப்பை வெள்ளையாகத்தான் வெளியே வரும். அந்த மாட்டுக்கு இது தெரியும். படித்தது வேதியியல்.

4

முடிவுகள்:

அ) சொல்லிவிடுகிறேன். கோப்பை அலமாரிக்குப் போகிறது. மஞ்சள் வருடக்கணக்கில் எங்கள் கண்முன்னே வெளுக்கிறது.

ஆ) சொல்லவில்லை. வெள்ளைக் கோப்பையை அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

இ) அதிசயமாக ஒரு மஞ்சள் கீற்று மிஞ்சுகிறது. (உங்களுக்குப் பிடித்தது இதுதான். சூளை கதை படிப்பதில்லை.)

5

கோப்பை சூளைக்குள்ளே. கதவு மூடியாயிற்று.

"மாமா, அந்த மஞ்சள்..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா வரும்ல? நீங்க படிச்சவரு. சொல்லுங்க, பத்த வைக்கலாமா?"

அவர் முகத்தை வருணிக்கப்போவதில்லை. இதுவரை நான் எழுதினேன். அவருக்கான பதிலை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். கேஸைத் திறந்துவிட்டார்.