ஜிமிக்கிச் செடிக்கு ஒரு போர்வை

முடிதிருத்தும் கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. திரைச்சீலையில் நூல் பிரிந்தால் நறுக்குவார், நாளிதழின் ஓரத்தை நேராக்குவார், மனைவி பேசினால் பேச்சின் வாலைக்கூட வெட்டிவிடுவார். இத்தனை வருஷம் பொறுத்தவள், இலை உதிரும் காலத்தில் ஒருநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். காரணம் என்னவோ சின்னதுதான். அவள் சன்னலோரம் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருந்த கூழாங்கற்களை அவர் அளவு பார்த்து வரிசையாக அடுக்கிவிட்டார்.

அவர்கள் வீட்டில் ஃபியூஷியா என்கிற பூச்செடிக்கு ஜிமிக்கிச் செடி என்றுதான் பேர். சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கள் தலைகீழாகத் தொங்கி ஆடும். ஒன்று தொட்டியில், ஒன்று வாசல் பாதையோரத் தரையில். தொட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"தொட்டியில இருக்கறதுக்கு வேர் உறைஞ்சிடும், அதனால கொண்டு போறேன். தரையில இருக்கறது தாங்கும். அதையாவது சும்மா விடுங்க."

"நீ எப்ப வருவே?"

"தெரியல. அது தளிர் விட்டா சொல்லுங்க."

கொஞ்ச நாள் சும்மாதான் விட்டார். உறைபனி விழுந்து இலையெல்லாம் கொட்டியதும், பழுப்புக் குச்சிகள் திசைக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டு நின்றன. காலம் முழுக்கத் தலைகளையே பார்த்த மனிதர், பாவம், எத்தனை நாள்தான் தாங்குவார்? ஒரு காலையில் கத்தரியோடு போய்த் தரையோடு தரையாக வெட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

மத்தியானம் அவள் தங்கை வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காய்ஞ்ச குச்சின்னு வெட்டிடாதீங்க. குளிர் வேருக்கு இறங்காம அதுங்கதான் மறைச்சு நிக்கும். தளிர் வந்தப்புறம் வெட்டிக்கலாம்."

"ம்," என்றார். செடி போனால் அவளும் வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போகவே இல்லை.

அன்று சாயங்காலம் கடையைப் பெருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வாத்தியாரின் நரை, ரொட்டிக் கடைக்காரரின் செம்பட்டை, தபால்காரரின் சுருள் எல்லாவற்றையும் வாரிச் சருகோடு கலந்து, வெட்டிய இடத்தின் மேல் குவித்துச் சாக்கைப் போட்டு மூடினார். தினமும் குவித்தார்.

"என்னங்க இது?" என்றார் தபால்காரர்.

"போர்வை."

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. "இன்னிக்குக் கொஞ்சம் கூடவே வெட்டுங்க, செடிக்கு ஆகும்," என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு பனி கொட்டியது. ஆள் வராத மத்தியானங்களில் கண்ணாடிகள் மெல்ல வெளுத்துக்கொண்டே போயின. அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வார். கனவில் தெருவின் தலைகளெல்லாம் பனிக்கடியில் ஒரே தலையணையில் தூங்கும். அதற்கும் கீழே யாரோ மூச்சு விடுவது கேட்கும். செடியா, அவளா, தெரியாது. கையில் கத்தரி இருக்கும். எங்கே வைப்பது என்று இடம் தேடித் தேடியே விழித்துக்கொள்வார்.

வசந்தம் வந்தது. சாக்கை எடுத்தார். பக்கத்துத் தோட்டங்களெல்லாம் பூத்துக் குலுங்க, இங்கே மட்டும் ஒன்றுமில்லை. கிளறிப் பார்க்கக் கை துடித்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். குருவிகள் வந்து கூட்டுக்கு முடியை இழுத்துப் போயின. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

வெயில் நன்றாக உறைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் வாத்தியாரின் நரைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அப்புறம் அங்கங்கே கிளம்பின. அவர் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்று பாதைக் கற்களின் இடுக்கிலேயே முளைத்து வழியை மறித்தது.

போன் செய்தார். "தளிர் விட்டிருக்கு."

"எத்தனை?"

"எண்ணல."

"சரி, வரேன்," என்றாள்.

தொட்டியோடு வந்து இறங்கியவள் முடிக் குவியலைப் பார்த்து நின்றுவிட்டாள். "இது என்ன கூத்து?"

"நீ போன் பண்றதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன்."

"தெரியும். 'ம்'னு சொன்னீங்களே, அப்பவே தெரியும்."

பாதையில் முளைத்த தளிரை விட்டு விலகி, பக்கத்துப் புல்லில் வளைவாக ஒரு தடம் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். அந்தத் தடத்திலேயே அவளும் நடந்தாள். இலையுதிர்காலத்திலிருந்து கத்தரி படாத அவள் முடி கழுத்துப் பட்டியைத் தாண்டி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. அவர் விரல்கள் துறுதுறுத்தன. தொட்டியை அவளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே சன்னலோரம் கூழாங்கற்கள் கலைந்து கிடந்தன. கலைத்தது அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கலைத்ததில்கூட அளவு பார்த்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு கல்லை விளிம்பு வரைக்கும் நகர்த்தினாள்.

கீழே விழுந்துவிடும்போல் இருந்தது. அவர் தொட்டியைப் பிடித்தபடியே நின்றார்.