தகட்டில் இருந்த கறுப்பு

ஆயுதபூசையன்று விடிந்ததும் விடியாததுமாகக் கொளஞ்சியம்மாள் மருந்து மிஷினைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் தொங்குகிற நாலு தகடு, தகட்டிலிருந்து கார் பேட்டரிக்குப் போகும் இரண்டு ஒயர், அவ்வளவுதான். வாளித் தண்ணீரில் இரண்டு கை உப்பைக் கரைத்து ஒயரை மாட்டினால் தகட்டைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பும். நாலு மணி நேரத்தில் உப்புத்தண்ணீர் பிளீச்சிங் மருந்தாக மாறிவிடும். அதில் ஒரு லோட்டா மொண்டு ஆயிரம் லிட்டர் டேங்கில் ஊற்றினால் வாந்திபேதி அண்டாது. சுனாமிக்குப் பிறகு தார்ஷீட் கொட்டகைகளில் குடிவைக்கப்பட்ட உப்பளத்துக் குடும்பங்கள் அறுபதுக்கும் அந்த ஒரு டேங்க்தான். டிரஸ்ட்காரர்கள் வந்து மிஷினைக் கொடுத்து, யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கொளஞ்சிதான் கையைத் தூக்கினாள். மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம் என்று நினைத்துத் தூக்கியதுதான், வேறொன்றுமில்லை.

அளத்து உப்பில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல். வாரத்துக்கொருதரம் தகட்டில் வெள்ளையாகப் படியும். வினிகர் ஊற்றி ஊறவையுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தான் டிரஸ்டு என்ஜினியர் ஆரோக்கியராஜ். வினிகருக்கு எங்கே போவது? அவள் புளி கரைத்து ஊற்றினாள். வெள்ளை விட்டுப்போனது. போனில் சொன்னபோது, "சூப்பருக்கா, நீங்கதான் என்ஜினியரு" என்று சிரித்தான். அந்தப் பேச்சை அவள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்று கணக்கில்லை.

ஆனால் பூசைக்கு வைக்கிற பொருளை ஏனோதானோவென்று வைக்க முடியுமா? புருஷன் கலியன் தன் மண்வெட்டியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தான். இவள் தகடுகளைப் பார்த்தாள். நாலில் இரண்டு வெள்ளித்தட்டு மாதிரி மின்னின. மற்ற இரண்டும் அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைப் போலக் கறுப்பு. பத்து மாதமாகப் புளி போட்டும் போகாத கறுப்பு. பாத்திரத்தில் கறுப்பை விட்டுவைத்தால் அவள் அம்மா திட்டித் தீர்த்துவிடுவாள், அந்த வளர்ப்பு. பெயிண்ட்காரர்கள் விட்டுப்போன உப்புத்தாள் இரண்டு கிடந்தது. உட்கார்ந்து தேய்த்தாள். தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும் தேய்த்தாள். ஒன்பது மணிக்கு நாலு தகடும் ஒன்றுபோல மின்னின. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்தாள். பக்கத்துக் கொட்டகை மங்கம்மா வந்து பார்த்து, "என்னா கொளஞ்சி, கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சி வெச்சிருக்கிற" என்றாள். கொளஞ்சிக்கு மனசு நிறைந்துபோனது.

மறுநாள் ஒயரை மாட்டினாள். கொப்புளம் வந்தது, ஆனால் சோனியாக. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. பேட்டரியை மாற்றினாள், உப்பை மாற்றினாள், ஒயரை நக்கிக்கூடப் பார்த்தாள். டேங்குத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு சோதனை மருந்து விட்டாள். மருந்து இருந்தால் எலுமிச்சை நிறத்துக்கு மாறும். மாறவில்லை. வெறும் தண்ணீர், வெறும் தண்ணீராகவே இருந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். அவன் நாகப்பட்டினம் பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். உப்புத்தாள் என்றதும், எந்தத் தகட்டை என்று கேட்டான்.

"கறுத்துக் கெடந்தத, தம்பி. ரெண்டையும்."

"அய்யோ, அந்தக் கறுப்பு அழுக்கு இல்லக்கா. அதுதான் மருந்து பண்றது. தகட்டு மேல பூசி வர்றது. அது போச்சுன்னா தகடு வெறும் தகடுதான்."

"நீ சொல்லவே இல்லியே தம்பி."

"ஆமாக்கா, சொல்லல. யாராவது தேய்ப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. தகடு பெங்களூரிலிருந்து வர வேண்டும், புராஜெக்ட் போன மாதத்தோடு முடிந்துவிட்டது, கேட்டுப்பார்க்கிறேன் என்றான். அந்தக் 'கேட்டுப்பார்க்கிறேன்' எந்த ரகம் என்று பத்து மாதமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவளுக்குத் தெரியாதா என்ன.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை, மழையா அது? அளமெல்லாம் ஏரியாகிவிட்டது. கக்கூஸ் குழிகள் நிரம்பி வழிந்து, போர் குழாயைச் சுற்றி முழங்கால் அளவு கலங்கல் நின்றது. கொளஞ்சி குடையில்லாமல் கொட்டகை கொட்டகையாகப் போனாள். மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. "மிஷின நான்தான் கெடுத்துட்டேன். தண்ணில மருந்து கெடையாது. கொதிக்க வெச்சி குடிங்க" என்று அறுபது வாசலிலும் சொன்னாள்.

ஒருவராவது ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். யாரும் ஏசவில்லை. பத்து மாதமாக மருந்து நாத்தம், மருந்து நாத்தம் என்று மூக்கைப் பொத்தியவர்கள் அவர்கள். சோறு நாறுது, டீ நாறுது என்று அவளை மருந்துக்காரி என்று பேர் வைத்துக் கூப்பிட்டவர்கள். இப்போது என்னவென்றால், "இப்பதான் தண்ணி தண்ணியாட்டம் இருக்குது, சும்மா இரு" என்றார்கள். விறகெல்லாம் ஊறிக்கிடந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் சோறாக்கவே பத்தவில்லை. இதில் குடிக்கிற தண்ணீரை யார் கொதிக்க வைப்பார்கள்? மங்கம்மாவின் மகள் நிவேதா எட்டு மாதக் கர்ப்பத்தோடு தாய்வீடு வந்திருந்தாள். நாத்தம் குமட்டுது என்று மருந்துத் தண்ணீரைத் தொடவே மாட்டாள். இப்போது சொம்பு சொம்பாகக் குடித்தாள். "அத்த, இப்ப எளநி கணக்கா இருக்குது" என்று சிரித்தாள். கொளஞ்சி சொம்பைப் பிடுங்கப் போனாள். தமாஷ் என்று நினைத்து அந்தப் பெண் இன்னும் சிரித்தாள்.

பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க் பாவாடை ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் காட்டினார். கட்டி தட்டிக் கல்லாகியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

"இது செத்துப்போன பவுடருங்க."

"இருக்கிறதத்தானம்மா குடுக்க முடியும். எழுதிப் போட்டிருக்கேன், மழ விட்டாதான் லாரி வரும்" என்றார் பாவாடை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய வேட்டியும் முட்டிவரை சேறாக இருந்தது. அவள் கட்டியை உடைத்து எடுத்துவந்து டேங்கில் கொட்டிக் கலக்கினாள். கண்ணாடிக் குழாயில் சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை. இன்னும் கொட்டினாள். தண்ணீர் சுண்ணாம்பாகக் கலங்கியதே தவிர மஞ்சள் வரவில்லை. சோதனை மருந்தும் தீர்ந்துபோயிற்று. ஒருநாள் டேங்கை நிரப்பாமல் விட்டுப்பார்த்தாள். பெண்கள் குடத்தோடு வந்து சண்டைக்கு நின்றார்கள், கடைசியில் கலியனே எழுந்துபோய் மோட்டாரைப் போட்டான். "ஜனங்க எதத்தான் குடிக்கும், சொல்லு" என்றான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நிவேதாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பத்து மணிக்குள் பதினைந்து தரம். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, வயிற்றைப் பிடித்தபடி இருந்தவளை மங்கம்மாவும் அவள் புருஷன் அய்யனாரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொளஞ்சி கூடவே ரோடு வரைக்கும் ஓடினாள். ஆட்டோவில் இடமில்லை. திரும்பி வந்து, ஊறின சவுக்கு மிளாரை அடுப்பில் திணித்து ஊதிக்கொண்டே இருந்தாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா இருக்கப் பயமாக இருந்தது.

மத்தியானம் அய்யனார் அதே ஆட்டோவில் திரும்பி வந்தார். கையில் பத்து லிட்டர் கேன். நேராக டேங்குக்குப் போனார். இவள் வெளியே ஓடிவந்தாள்.

"அண்ணா, புள்ள எப்படி இருக்குது?"

"பாட்டில் ஏறுது. வயித்துல இருக்கிறது அசையுதாம், பாத்துட்டு சொன்னாங்க. உப்புசக்கர பாக்கெட்டு குடுத்து, நல்ல தண்ணில கலக்கி குடுத்துக்கிட்டே இருங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. அங்க விக்கிற தண்ணி எந்தக் கொளத்துத் தண்ணியோ. கொளஞ்சி அத்த தண்ணிதான் வேணும்னு கண்ணு மூடிக்கினே சொல்லுது புள்ள."

குழாய் திறந்திருந்தது. கேனில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொளஞ்சி குழாயை மூடினாள்.

"வேணாண்ணா. இதத்தான் குடிச்சிது அது. இதுலதான் வந்திச்சி. நான் கொதிக்க வெச்சித் தர்றேன், ஒரு அரைமணி நேரம் இருங்க."

அய்யனார் அவளைப் பார்த்தார். தண்ணீரை அவர் சந்தேகப்பட்டிருந்தால் கொளஞ்சி பிழைத்திருப்பாள். அவர் முகத்தில் இருந்தது இரக்கம். "நீ ஏம்மா ஒன்னயே நொந்துக்கிற. சுனாமில குடிக்கத் தண்ணியில்லாம கெடந்தப்ப நீதான ஊத்தின. மழக் காத்து, யாருக்குதான் வரல" என்று சொல்லிக் குழாயைத் திறந்தார். அவள் மூடினாள். அவர் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடி திறந்தார். சொந்தத் தங்கையின் கையை விலக்குவது போலத்தான் விலக்கினார். ரோட்டில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

அவள் கொட்டகைக்குள் ஓடினாள். அடுப்பில் புகைதான் இருந்தது. குண்டானுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புகூட இல்லை. குனிந்து ஊதினாள். கண் எரிந்து தண்ணீராக ஊற்றியது. மறுபடியும் ஹாரன். எழுந்து, குண்டானை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். முட்டியளவு தண்ணீரில் ஓட முடியவில்லை, நடந்தாள். அதற்குள் அய்யனார் கேனை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, குடுக்காதீங்கண்ணா."

அவர் தலையை வெளியே நீட்டி, "புள்ளகிட்ட நீ குடுத்தன்னு சொல்றேம்மா" என்றார். ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கொளஞ்சி குண்டானை இறக்கவில்லை. வளைவில் ஆட்டோவின் சிவப்பு விளக்கு மறைந்த பிறகும் கையில் ஏந்திக்கொண்டே நின்றாள். திறந்த குண்டானுக்குள் மழை சொட்டிக்கொண்டிருந்தது.