பிலவேந்திர மாமாவின் நுரையீரல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்னாசியம்மாள் அத்தை நேராக வந்து என் முன்னால் நின்றாள். சுற்றிலும் பாதி ஆரணி நின்றுகொண்டிருந்தது.

"சகாயம், எங்க ஊட்டுக்காரரோட நுரையீரலை எப்போ திருப்பிக் கொடுக்கப்போற?"

ஏதோ நான் இரவல் வாங்கிப்போன இட்லிப் பானையைக் கேட்பது மாதிரி கேட்டாள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள். செருப்புக் குவியலுக்கு நடுவே நின்று பேசுகிற விஷயமா இது?

"ஊட்டுக்குப் போய்ப் பேசலாம் அத்தை" என்றேன்.

"ஊட்டுக்குப் போனா நீ பஸ் ஏறிடுவ. இங்கியே சொல்லு."

பிலவேந்திரன் என் அம்மாவுக்குத் தம்பி. சேவூரில் பட்டுத் தறி போட்டவர். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வலது நுரையீரலின் மேல்பாகத்தை வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று மாமாவைக் கேட்டேன். "எனக்கு அது இன்னாத்துக்கு, நீயே வெச்சுக்கோ" என்று சிரித்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தார், தறியில்கூட உட்கார்ந்தார். இப்போது இன்னொரு பக்கத்திலும் வந்துவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கையோ காலோ, உடம்பிலிருந்து எது போனாலும் தூக்கிப் போடமாட்டோம். கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்துப் புதைப்போம். களம்பூர் ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி சத்தியராஜுக்குக் கை போனபோது, அந்தக் கையைப் புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, சாமியார் ஜெபம் சொல்லித்தான் குழியில் வைத்தார். கல்லறைத் திருநாள் வந்தால் சத்தியராஜ் மற்ற கையால் தன் கைக்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். யாரும் சிரிப்பதில்லை. கடைசி நாளில் எழும்பும்போது முழு உடம்போடு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அத்தைக்கு வேண்டியதும் அதுதான். மாமாவின் பெட்டிக்குள் அவருடைய நுரையீரலும் போக வேண்டும். சாமியாரிடம்கூடச் சொல்லிவைத்துவிட்டாள்.

எனக்கும் அது வேண்டுமே. உலகமே புற்றுநோய்க் கட்டியைத்தான் பார்க்கிறது. நான் பார்ப்பது கட்டியைச் சுற்றி இருக்கிற சதையை. கட்டி தன்னந்தனியாக வளர்ந்துவிடுவதில்லை. பக்கத்து ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு அதற்குச் சாப்பாடு போடுகின்றன. நார்த் திசுக்கள் சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொடுக்கின்றன. காவலுக்கு வரவேண்டிய வெள்ளை அணுக்களும் கூட்டமாக வந்து நிற்கின்றன. நின்று என்ன செய்கின்றன? சண்டை போடுகின்றனவா, இல்லை, கட்டிக்கே எடுபிடியாகப் போய்விடுகின்றனவா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். "களையை உட்டுட்டு வரப்பைப் பார்த்துகினு இருக்கியேம்மா" என்று எங்கள் புரொபசர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

மாமாவின் கட்டியைச் சுற்றி நின்ற அளவுக்கு வெள்ளை அணுக்களை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. வெட்டி எடுத்ததைக் கெடாமல் இருக்க மெழுகில் பதித்து வைத்திருந்தோம். சீவிச் சீவிப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு மெழுகுக் கட்டிதான் மிச்சம். அதற்குள் நகத்தளவு சதை. அந்த அணுக்கள் எந்தெந்த ரகம் என்று பிரித்துக் காட்டுகிற புதுச் சாயம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரப்போகிறது. அதற்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

"மாமாதான் அத்தை கொடுத்தாரு."

"அவரு கொடுப்பாரு. கட்டின வேட்டியைக் கேட்டாலும் அவுத்துக் கொடுப்பாரு. என்னைக் கேட்டியா நீ?"

"அடுத்த சனிக்கிழமை கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். சொன்னேனே தவிர, கொடுக்க மனசில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால் தானாக விட்டுக்கொடுப்பாள் என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை மெழுகுக் கட்டியை ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டேன். கூடவே சாயம் ஏற்றிய ஒரு கண்ணாடித் தகடு. லேபில் ஓரங்கட்டிவைத்த பழைய மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு சேவூருக்குப் போனேன். தறி இருக்கிற அறையிலேயே மாமாவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் அவரே போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

"இன்னா சகாயம்... என்னைச் சீவிச் சீவித் தீர்த்துட்டியாமே" என்றார்.

"கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன் மாமா."

அந்த மைக்ராஸ்கோப்புக்கு பல்பு கிடையாது. அடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், அதில் பகல் வெளிச்சம் விழ வேண்டும். அறை இருட்டாக இருந்தது.

"அந்த ஜன்னலைத் தொறங்க அத்தை."

"அது தொறக்காது."

போய்ப் பார்த்தேன். கதவை இறுகச் சாத்தி, மேலே கோணியை மடித்து வைத்து ஆணி அடித்திருந்தது. வெயில் காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு காய்ந்து இழை அறுந்துவிடும். எங்கள் பக்கத்துப் பட்டுத் தறிக்காரர்கள் பலரும் ஜன்னலைச் சாத்தித்தான் நெய்வார்கள். எனக்குத் தெரியாதது இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில், கதவே இல்லாத வாசலுக்கு அந்தப் பக்கம், அத்தையின் அடுப்பு. பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்கி, சாயம் காய்ச்சுகிற அடுப்பு. களம்பூரிலிருந்து உமி வாங்கிவந்து நாள் முழுக்க எரிப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சுத்தியலை வாங்கி ஆணிகளைப் பிடுங்கினேன். வெளிச்சம் தறி மேல் விழுந்தது. கண்ணாடித் தகட்டை வைத்துச் சரிசெய்து அத்தையைக் கூப்பிட்டேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். காலமெல்லாம் சாயம் போட்டவள், முதலில் சாயத்தைப் பற்றித்தான் பேசினாள்.

"ஊதா நல்லா புடிச்சிருக்குது."

"அந்த ஊதாப் புள்ளியெல்லாம் மாமாவோட வெள்ளை அணுக்கள் அத்தை. காவல்காரங்க. நடுவுல இருக்கிறது கட்டி."

"இம்மாம் பேரு வந்து நின்னாங்களா அவருக்காக?"

"நின்னாங்க."

"அப்புறம் ஏன் தோத்தாங்க?"

"அதைத்தான் தேடிகினு இருக்கேன்."

அவள் மறுபடி குனிந்தாள். "ஊதாவுக்கு நடுவுல கருப்பு கருப்பா இருக்குதே, அது இன்னா? சாயம் திரிஞ்சுபோச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் என் பிழைப்பே.

"சாயம் இல்ல அத்தை. புகைக்கரி. மூச்சுல உள்ள போனது. அந்த அணுக்களே முழுங்கி வெச்சிருக்குது."

அத்தை நிமிர்ந்தாள். "என் அடுப்புப் புகை."

"எல்லார் நுரையீரல்லயும் கொஞ்சம் கருப்பு இருக்கும் அத்தை. என்னுதுலயும் இருக்கும். அதனாலதான் நோய் வந்துதுன்னு சொல்ல முடியாது."

"இல்லன்னு சொல்ல முடியுமா?"

சுற்றிவளைத்து ஏதாவது சொல்லப் பார்த்தேன். கடைசியில் "முடியாது" என்றேன்.

அத்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பீடிகூடப் புடிக்காத மனுஷனுக்கு எப்படி வந்துதுன்னு ஊரே கேட்டுது. எனக்கு மட்டும் என் அடுப்பு மேலதான் சந்தேகம். வெளிய சொல்லல. அந்த நுரையீரலை அவரோட சேர்த்து மண்ணைப் போட்டு மூடிட்டா, யாரும் பார்க்கமாட்டாங்கன்னு நெனைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இதற்காகவா இவள் கோயில் வாசலில் அப்படிச் சண்டைக்கு வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சகாயம்." மாமா கையைத் தூக்கினார். "அவ... எரிச்சா. சாத்தி ஆணி அடிச்சது நானு. தொறங்க தொறங்கன்னு தலைப்பாடா அடிச்சிகினா. இழை அறுந்துடும்னு... நான்தான் உடல."

"நீ சும்மா இருய்யா. உமியைப் போட்டது யாரு?"

"சாத்தினது யாரு?"

வேறு வீடாக இருந்தால் பழியை அடுத்தவர் தலையில் கட்டச் சண்டை நடக்கும். இங்கே இரண்டு பேரும் எனக்கு எனக்கு என்று இழுத்தார்கள். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தகர டப்பாவைத் திறந்து மெழுகுக் கட்டியை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"மாமாவோடவே போகட்டும் அத்தை." மனசாரத்தான் சொன்னேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் பொதைச்சுட்டா உனக்குத் தெரியாமலே போயிடுமா?"

"ஆமாம்."

"எனக்கும்?"

"உங்களுக்கும்தான்."

அத்தை மாமாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் என் கையைப் பிடித்து மெழுகுக் கட்டியை அதில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"நீயே வெச்சுக்கோ. நல்லா பாரு. என் புகைதான்னு வந்தா, ஆமான்னு சொல்லு. பாவம் கெழவின்னு மாத்திச் சொல்லாத."

"முழு உடம்போட போவணும்னு சொன்னீங்களே அத்தை."

"அவரு எழும்பும்போது கொறை இருந்தா, நான் ஆண்டவர்கிட்ட பதில் சொல்லிக்கறேன். நீ எனக்குப் பதில் சொல்லு."

ஆவணி பிறப்பதற்குள் மாமா போய்விட்டார். வெளிநாட்டுச் சாயம் அப்போது இன்னும் வந்து சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குவதற்கு முன் சாமியார் அத்தையின் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அந்த இன்னொன்னு கொண்டாந்தீங்களாம்மா? அதையும் மந்திரிக்கணுமே."

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இல்லீங்க சாமி. அது வேலூர்ல வேலையா இருக்குது."